படகில் கைப்பம்ப் டாய்லெட் இறுகி அடைத்துக்கொண்டது, சிங்கும் மெதுவாக வடிகிறது: எங்கிருந்து ஆரம்பிப்பது?

லங்காவிப்பாய் கேட்டது:

வணக்கம். 34 அடி பாய்மரப் படகு, மலேசியாவின் லங்காவியில் மரினாவில் (படகுத்துறையில்) கட்டிக் கிடக்கிறது. டாய்லெட் ஜாப்ஸ்கோ ட்விஸ்ட் அண்ட் லாக் கைப்பம்ப், கடல் தண்ணீர் ஃப்ளஷ். தண்ணீர் உள்ளே வரும் ஹோஸ் 19 மி.மீ., கழிவு வெளியேறும் ஹோஸ் 38 மி.மீ. வெள்ளை பி.வி.சி. டாய்லெட்டிலிருந்து ஒய் வால்வு வரை ஏறக்குறைய 3 மீட்டர். அங்கிருந்து ஒரு பக்கம் 60 லிட்டர் பிளாஸ்டிக் ஹோல்டிங் டேங்க் (கழிவு சேரும் தொட்டி), மறுபக்கம் வென்டட் லூப் (கடல் தண்ணீர் திரும்பி வராமல் உயர்த்தி வளைத்த, தலையில் காற்று வால்வு உள்ள குழாய்) ஏறி இறங்கி சீகாக் (படகின் உடலில் இருக்கும் ஓட்டையை மூடித் திறக்கும் வால்வு). ஹோஸ்களுக்கு வயது 9 வருடத்துக்குக் குறையாது.

இரண்டு மாதமாகக் கைப்பிடி கனத்துக்கொண்டே வந்தது. பிறகு, அடித்து முடித்து பத்து நிமிடத்தில் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்தது. நேற்றிலிருந்து கைப்பிடியைக் கீழே அழுத்தவே முடியவில்லை. அழுத்தினால் பாதி வழியில் நின்று மேலே எகிறுகிறது. டிஷ்யூவைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகவில்லை.

கூடவே சமையல் சிங்க் மெதுவாக வடிகிறது. ஷவர் பம்ப் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இறங்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றாமல் அடைப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பவுடரைக் கொட்டலாமா?

---

நங்கூரம் பதில்:

பவுடர் வேண்டாம். அது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், பி.வி.சி. ஹோஸ் இளகும், பம்புக்குள் இருக்கும் ரப்பர் கெடும். அடைப்பு விடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஹோஸைக் கழற்றும்போது அந்தக் காரத் தண்ணீர் உங்கள் கையிலும் கண்ணிலும்தான் வந்து விழும். வீட்டுப் பைப்புக்குச் செய்த சரக்கைப் படகில் ஊற்றக் கூடாது.

இரண்டாவது, பலத்தைக் காட்டாதீர்கள். அந்தப் பம்பில் அழுத்தம் கூடினால் முதலில் விட்டுக்கொடுப்பது ஹோஸ் இணைப்பு. அது பெரும்பாலும் நீங்கள் எட்டிப் பார்க்க முடியாத அலமாரிக்குப் பின்னால் இருக்கும்.

இனி எந்தப் பக்கம் என்று பார்ப்போம். இந்தப் பம்ப் ஒரே தண்டில் இரண்டு வேலை செய்கிறது. கைப்பிடியை மேலே இழுக்கும்போது பிஸ்டனுக்குக் கீழே கோப்பையில் இருப்பது உறிஞ்சப்படுகிறது, பிஸ்டனுக்கு மேலே இருக்கும் கடல் தண்ணீர் கோப்பைக்குள் போகிறது. கீழே அழுத்தும்போது கழிவு ஜோக்கர் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடும் ரப்பர் வால்வு) வழியாக வெளியே தள்ளப்படுகிறது, அதே நேரம் மேல் பாதிக்குள் புதுக் கடல் தண்ணீர் இழுக்கப்படுகிறது. ஆகவே கீழே அழுத்தும்போது கனம் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். வெளியேறும் வழி அடைத்திருக்கும், அல்லது தண்ணீர் வரும் வழி அடைத்து வெற்றிடம் கைப்பிடியைத் திரும்ப இழுக்கும்.

இரண்டையும் பிரிக்க, பம்ப் தலையில் இருக்கும் சின்ன லீவரை 'ட்ரை' பக்கம் தள்ளிவிட்டு மெதுவாக ஒரு முறை அழுத்துங்கள். அந்த நிலையில் பம்ப் கடல் தண்ணீரை இழுக்காது. கனம் போய்விட்டால் குறை வரும் பக்கத்தில்: இன்டேக் சீகாக் மூடியிருக்கும், அல்லது அதன் வாயில் சிப்பி ஏறியிருக்கும். அந்தப் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் கட்டிக் கிடக்கிற படகுக்குச் சில வாரமே போதும். 'ட்ரை'யிலும் அதே கனம் என்றால் குறை வெளியேறும் பக்கத்தில்.

மேலே இழுத்தாலும் கீழே அழுத்தினாலும் ஒரே மாதிரி கரகரவென்று இறுக்கமாக இருந்தால் அது அடைப்பே இல்லை. பிஸ்டன் ஓ-ரிங் காய்ந்திருக்கும். தலையைக் கழற்றி சிலிண்டர் சுவரில் சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். பெட்ரோலிய கிரீஸ் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

கோப்பையில் ஏறும் தண்ணீரையும் பாருங்கள். தெளிவாக இருந்தால் கடலிலிருந்து வருகிறது. லீவர் ஃப்ளஷ் பக்கமே கிடந்திருக்கும், அல்லது இன்டேக் பக்கம் ஆன்டி-சைஃபன் (கடல் தானாக உள்ளே இழுபடாமல் காற்று விட்டுத் தடுக்கும் வால்வு) இல்லை. இதை அலட்சியம் செய்யக் கூடாது. கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற படகு இப்படியே நிரம்பி மூழ்கும். கலங்கி, நாற்றத்தோடு இருந்தால் ஜோக்கர் வால்வு மூடாமல் ஹோஸில் நின்றது திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று பதில்:

நங்கூரம் சொன்னதோடு ஒரு சோதனை. எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். டேங்கின் வென்ட் (காற்றுப் போக்கி) அடைத்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

டேங்குக்குள் ஒரு லிட்டர் போனால் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். வென்ட் அடைந்தால் டேங்க் பலூன் மாதிரி அழுத்தம் பிடிக்கும், கைப்பிடி எகிறும், விட்டவுடன் கோப்பைக்குத் திரும்பும். டெக்கில் இருக்கும் பம்ப்-அவுட் (டேங்கின் கழிவை உறிஞ்சி எடுக்கும் வழி) மூடியை மிக மெதுவாகத் திறங்கள். மேலே பழைய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், அழுத்தம் இருந்தால் பீறிட்டு வரும். மூடி திறந்திருக்கும்போது பம்ப் இலேசாகிவிட்டால் குறை வென்டில்தான்.

வென்ட் அடைவதற்கு மூன்று காரணம். படகின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் குளவி மண்கூடு கட்டும். டேங்கை நிரம்பவிட்டால் கழிவு வென்ட் ஹோஸுக்குள் ஏறி அங்கேயே காய்ந்துவிடும். வென்டில் கரி ஃபில்டர் போட்டிருந்தால் அது ஒருமுறை நனைந்தாலே காற்று போகாது, மாற்ற வேண்டியதுதான். முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: டேங்கைக் காலி செய்துவிட்டு, பம்ப்-அவுட் மூடியைத் திறந்துவைத்து, வெளியிலிருந்து தோட்டக் குழாயை வென்ட் வாயில் துணி சுற்றிப் பிடித்துக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். வலை மூடி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், அந்த வலையே பாதி அடைப்பு. படகு கழுவும்போதெல்லாம் வென்டையும் கழுவுகிற பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை திரும்ப வராது.

வென்ட் அடைந்திருக்கும்போது பம்ப்-அவுட் மட்டும் செய்துவிடாதீர்கள். வெற்றிடத்தில் டேங்க் உள்வாங்கி நசுங்கும், தையலில் வெடிக்கும்.

60 லிட்டர் டேங்க் என்பது சின்னது. ஒரு உபயோகத்துக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும் 20 முறை. நான்கு பேர் ஒரு நாள் தங்கினால் முடிந்தது. முக்கால் ஆனதும் காலி செய்துவிடுங்கள்.

---

லங்காவிப்பாய்:

மிக்க நன்றி. மூடியைத் திறந்து பார்த்தேன், அழுத்தம் இல்லை, பம்பும் மாறவில்லை. 'ட்ரை'யிலும் அதே கனம். ஏறும் தண்ணீர் கலங்கல்தான். அப்படியானால் பம்புக்கும் டேங்குக்கும் நடுவில். கழற்றுவதை எங்கிருந்து தொடங்குவது? அசிங்கம் ஆகாமல் செய்ய முடியுமா? ஆசிட் ஊற்றினால் கரையும் என்று ஒருவர் சொல்கிறார், அது சரியா?

---

நங்கூரம் பதில்:

ஒரு இரவு மட்டும் பொறுங்கள். டிஷ்யூ கட்டி நின்றிருந்தால் கழற்றாமலே விட வாய்ப்பு உண்டு. கோப்பையில் இருப்பதை மக்கால் மொண்டு வாளியில் எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் 2 லிட்டர் நல்ல தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் 50 மி.லி.யும் ஊற்றி வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும். காலையில் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அழுத்திப் பாருங்கள். விட்டால் அது டிஷ்யூ. விடாவிட்டால் உப்புக் காரை. 9 வருட ஹோஸ், இரண்டு மாதமாகக் கூடிவந்த கனம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது காரை என்றே தோன்றுகிறது. டிஷ்யூ அடைப்பு ஒரே நாளில் வரும், காரை மாதக்கணக்கில் வரும்.

கழற்றும் முறை. முதலில் இரண்டு சீகாக்கையும் மூடுங்கள், மூடியதைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். டேங்கின் நுழைவாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே இருந்தால் ஹோஸில் இருப்பது மட்டும்தான் திரும்பி வரும். கீழே அல்லது பக்கத்தில் இருந்தால் டேங்கே உங்கள் மேல் காலியாகும், அதனால் முதலில் பம்ப்-அவுட். 38 மி.மீ. ஹோஸ் மீட்டருக்கு 1.13 லிட்டர் பிடிக்கும், உங்களுடைய 3 மீட்டரில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். ஆக 5 லிட்டர் பிடிக்கும் தட்டையான பேசின் ஒன்று, பழைய துண்டுகள் நான்கைந்து, கனமான குப்பைப் பைகள், முழங்கை வரை வரும் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அறையின் ஹேட்ச் (மேல் திறப்பு) திறந்திருக்க வேண்டும். ஒரு சின்ன ஃபேன் ஓடினால் இன்னும் நல்லது.

பம்பின் பின்பக்கம் வளைந்த எல்போ இருக்கும், அதற்குள்தான் ஜோக்கர் வால்வு. ஹோஸைப் பிடுங்க முயலாமல், எல்போவைப் பம்போடு பிடித்திருக்கும் ஸ்குரூவைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். பாதி தளர்த்தி, துண்டைச் சுற்றி, பேசினுக்குள் வடியவிட்டு, வடிந்து நின்ற பிறகு முழுதாகக் கழற்றுங்கள். உடனே எல்போவை ஹோஸோடு சேர்த்து மேலே தூக்கிப் பையால் கட்டிவிடுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால்தான் அறை முழுக்க ஆகும்.

வால்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாத்து அலகு மாதிரி இரண்டு உதடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ உதட்டில் மணல் மாதிரி உப்பு ஒட்டியிருந்தாலோ தூக்கிப்போடுங்கள். கழுவித் திரும்பப் போடும் சாமான் அல்ல அது, வருடம் ஒன்று மாற்ற வேண்டும். புதியதைப் போடும்போது உதடு ஹோஸ் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பம்ப் ஒரு சொட்டும் தள்ளாது.

எல்போ திறந்திருக்கையில் பம்பை ஒருமுறை பேசினுக்குள் அடித்துப் பாருங்கள். இலேசாக இருந்தால் பம்ப் சுத்தம், குறை எல்போவிலோ அதற்கு அப்பாலோ. இன்னும் கனம் என்றால் பம்பின் அடியில் இருக்கும் கனமான ஃப்ளாப் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஹேர்பின், பல்குச்சி, மாத்திரை உறை, இவைதான் வழக்கம்.

பிறகு டார்ச் அடித்து ஹோஸுக்குள் பாருங்கள். கம்பியோ பிளம்பர் ஸ்பிரிங்கோ விடாதீர்கள். வளைவில் குத்தி ஹோஸை ஓட்டை போடும், ஒய் வால்வின் சீலைக் கிழிக்கும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் அடைப்பைத் தள்ளும் துப்பாக்கி மாதிரி ஒன்று விற்கிறார்கள், அதுவும் வேண்டாம். அடைப்பு கல்லாக இருந்தால் அழுத்தம் ஹோஸ் இணைப்பில்தான் போய் முட்டும்.

---

கீழ்த்தட்டு பதில்:

ஆசிட் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். கப்பலில் வேக்குவம் டாய்லெட் லைனிலும் இதே காரைதான், அளவுதான் வேறு.

கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மி.கி. கால்சியமும் 1,300 மி.கி. மெக்னீசியமும் இருக்கின்றன. சிறுநீரில் யூரியாவும் பாஸ்பேட்டும். இரண்டும் கலந்து ஹோஸில் நின்றால் பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக்கும், காரத்தன்மை ஏறும், கால்சியமும் மெக்னீசியமும் கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் சுவரில் படியும். கவனிக்க வேண்டியது 'நின்றால்' என்ற சொல்லை. ஓடிப்போகிற கழிவு படியாது. அதனால்தான் ஜோக்கர் வால்வு, எல்போ, ஹோஸ் தொய்ந்து பள்ளமான இடம், ஒய் வால்வு இந்த நான்கிலும் காரை அதிகம். விட்டம் பாதியானால் வழி கால்வாசியாகிவிடும். அதனால் கடைசி வரை ஏதோ ஓடுகிற மாதிரி இருந்து திடீரென்று நிற்கும்.

அமிலம் இதைக் கரைக்கும், உண்மை. ஆனால் உள்ளே ஒரு சின்ன வழியாவது இருந்தால்தான் அமிலம் போய்ச் சேரும். முழுதாக அடைத்த ஹோஸில் ஊற்றினால் அது அடைப்புக்கு முன்னால் நின்றுகொண்டு பம்பைத்தான் தின்னும். அதனால் முதலில் நங்கூரம் சொன்ன மாதிரி கழற்றுங்கள், அமிலம் அதற்குப் பிறகு.

அமிலங்களில் வினிகர் தடுப்பதற்கு, உடைப்பதற்கு அல்ல. சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில், மெல்லிய படிவுக்கு நல்லது. தடித்த காரைக்கு நான் சொல்வது சல்ஃபாமிக் அமிலப் பவுடர், அதுவும் லிட்டருக்கு 100 கிராம். ஹைட்ரோகுளோரிக்கை விடக் கையாள எளிது, எவர்சில்வரை அந்த அளவுக்கு அரிக்காது. துத்தநாகம் பூசிய எதிலும் படக் கூடாது. ஹைட்ரோகுளோரிக், அதாவது கடையில் முரியாட்டிக் ஆசிட் என்று கேட்டால் கொடுப்பது, மிக வேகம். பொதுவாக 30 சதவீதத்தை ஒட்டி விற்பார்கள், 2 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஊற்றினால் ஏறக்குறைய 10 சதவீதமாகும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. அரை லிட்டர் அரை லிட்டராக விடுங்கள். கார்பனேட் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு வரும், போக வழி இருக்க வேண்டும். நுரை நின்றால் அந்த அமிலம் செத்துவிட்டது, அடுத்த அரை லிட்டர். இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள். வெண்கல சீகாக், எவர்சில்வர் கிளிப், அலுமினிய டேங்க் எல்லாவற்றையும் அது அரிக்கும்.

இரண்டு உயிர் ஆபத்து இருக்கிறது, இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு. 'அதற்கு முந்தின நாள்தான் ப்ளீச் ஊற்றினேன்' என்றாலும் ஹோஸில் மிச்சம் இருக்கும். முதலில் 10 லிட்டர் நல்ல தண்ணீராவது ஓடியிருக்க வேண்டும். இரண்டாவது பலருக்குத் தெரிவதில்லை: பழைய கழிவு நிறைந்த டேங்கில் கரைந்த சல்ஃபைடு இருக்கும். அதில் அமிலம் விழுந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். படகின் கீழறை மாதிரி மூடிய இடத்தில் இது ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே அமிலம் டேங்குக்குப் போகிற மாதிரி இருந்தால் முன்னாலேயே டேங்கைக் காலி செய்து இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், மேலே ஒருவர் நிற்கட்டும்.

மரினாவுக்குள் எதையும் கடலில் தள்ளாதீர்கள், அமிலத்தையும் கழிவையும். மார்ப்போல் (கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) நான்காம் இணைப்பு பெரிய கப்பல்களுக்கானது, 400 டன்னுக்கு மேல் அல்லது 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி உள்ளவை. ஆனாலும் அது சொல்லும் அளவு, அதாவது சுத்திகரிக்காத கழிவை 12 கடல் மைலுக்கு அப்பால், 4 நாட்டுக்கு (மணிக்கு 4 கடல் மைலுக்கு) குறையாத வேகத்தில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவது என்பது, சின்னப் படகுக்கும் நல்ல அளவுகோல். உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

---

அலைவாணி பதில்:

டாய்லெட்டை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சிங்கும் ஷவரும் வேறு வேறு நோய், டாய்லெட்டோடு சம்பந்தமில்லை.

ஷவர் பம்ப் ஓடியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் தலைமுடி. டயாஃப்ரம் பம்பில் உள்ளே வரும் பக்கம் ஒன்று, வெளியே போகும் பக்கம் ஒன்று என்று ரப்பர் வால்வு உண்டு. ஒரே ஒரு முடி உதட்டுக்கு நடுவில் கிடந்தாலும் வால்வு மூடாது, பம்ப் அதே தண்ணீரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கும். பம்புக்கு முன்னால் தெளிவான மூடி போட்ட ஃபில்டர் இருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள், இல்லாமல் ஓட்டக் கூடாது. ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் காற்றை இழுத்து இதே அறிகுறி காட்டும், அதையும் பாருங்கள். பெட்டி மாதிரி சம்ப் (ஷவர் தண்ணீர் சேரும் தொட்டி) என்றால் ஃப்ளோட் சுவிட்சில் சோப்புப் பிசின் ஒட்டி நின்றிருக்கும். வெந்நீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும்.

சிங்க் மெதுவாக வடிவதற்கு நம் வீட்டுச் சமையலே பெரிய காரணம். சோறு, கஞ்சித் தண்ணீர், எண்ணெய். கஞ்சி சூடாகப் போகும்போது தண்ணீர் மாதிரி போகும், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் குளிர்ந்த ஹோஸில் கூழாகி ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக்கொழுப்பும் அப்படியே. தேங்காய் எண்ணெய் அந்தக் கடல் சூட்டில் உறையாது, ஆனால் கஞ்சியோடு சேர்ந்து பசையாகும். தட்டைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்துவிடுங்கள். இந்த ஒன்று செய்தாலே பாதி அடைப்பு வராது.

இப்போது எடுக்க: சிங்க் சீகாக்கை மூடுங்கள், சிங்கில் பாதி அளவு வெந்நீரும் பாத்திரத் திரவமும் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள், ரப்பர் கப் பிளஞ்சரால் மேலும் கீழும் அமுக்குங்கள். பிறகு சீகாக்கைத் திறங்கள். வேகமாக ஓடினால் முடிந்தது. ஓடாவிட்டால் சீகாக்கை மூடி, ஹோஸை அதன் தலையில் கழற்றி வாளிக்குள் விட்டுப் பாருங்கள். வாளிக்குள் தாராளமாகக் கொட்டினால் ஹோஸ் சுத்தம், சீகாக்கின் வாயில்தான் சிப்பி. அதை வெளியிலிருந்து முங்கிச் சுரண்ட வேண்டும். உள்ளிருந்து ஸ்குரூட்ரைவரைத் திறந்த சீகாக்கில் விடுவதாக இருந்தால் அந்த அளவுக்கு ஏற்ற கூம்பு மரக்கட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடாதீர்கள்.

ஹோஸ் நடுவில் தொய்ந்து, அதில் தண்ணீர் நின்று, காற்று மாட்டிக்கொண்டாலும் சிங்க் குளுகுளுவென்று சத்தம் போட்டு மெதுவாக வடியும். அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். தொய்வை எடுத்து, இறக்கமாக ஓடும்படி கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

---

லங்காவிப்பாய்:

இரவு ஊறவைத்தும் விடவில்லை. எல்போவைக் கழற்றினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் கல் மாதிரி. எல்போவில் மீதி இருந்த வழி என் சுண்டுவிரல் நுழையும் அளவு. ஹோஸ் முனையில் அளந்தால் 16 மி.மீ., அந்த வழியிலும் டிஷ்யூ கட்டி நின்றது. வால்வின் உதடு சேரவே இல்லை. ஷவர் ஃபில்டரில் முடிதான், இப்போது இறங்குகிறது. சிங்க்கும் ஓடுகிறது.

இந்த ஹோஸைச் சுத்தம் செய்வதா, மாற்றுவதா? மாற்றினால் திரும்ப இப்படி ஆகாமல் என்ன செய்ய வேண்டும்?

---

உப்புக்காற்று பதில்:

மாற்றுங்கள். 16 மி.மீ. என்றால் மீதி வழி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹோஸை வெளியே எடுத்து, தார்ப்பாய் விரித்து, சிமென்ட் தரையில் வளைத்து அடித்தால் காரை உடைந்து கொட்டும், பலர் அப்படிச் செய்து மீண்டும் போடுவார்கள். 9 வருட பி.வி.சி.க்கு அந்த உழைப்பு வீண். சந்தேகம் இருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸின் மேல் சுற்றி, ஆறியதும் மோந்து பாருங்கள். துணியில் நாற்றம் வந்தால் அது ஹோஸின் சுவருக்குள்ளேயே ஊறிவிட்டது. கழுவிப் போகாது. எல்போ கெட்டி பிளாஸ்டிக், அதைக் கீழ்த்தட்டு சொன்ன சல்ஃபாமிக் கரைசலில் வாளியில் போட்டு எடுத்துவிடலாம். ஒய் வால்வையும் கழற்றிப் பாருங்கள், அதிலும் இதே கதைதான் இருக்கும். அதன் கைப்பிடி இறுகியிருந்தால் பலமாகத் திருப்பாதீர்கள், தண்டு முறியும்.

வாங்கும்போது 'சானிட்டேஷன் ஹோஸ்' என்று கேட்டு, உள்விட்டம் 38 மி.மீ. உள்ளதை வாங்குங்கள். பில்ஜுக்கு (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்க) போடும் மெல்லிய வரிக்குழாய் வேண்டாம், அதன் ஒவ்வொரு வரியிலும் கழிவு நிற்கும். பழைய ஹோஸின் நீளத்துக்கு மேல் அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். முனையைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, உள்ளே பாத்திரத் திரவம் தடவினால் ஃபிட்டிங்கில் ஏறும். கிரீஸ் தடவினால் பின்னாளில் வழுக்கி வெளியேறும். ஒவ்வொரு முனையிலும் 316 எவர்சில்வர் கிளிப் இரண்டு, திருகு எதிரெதிர் பக்கம். வழியில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது, அரை மீட்டருக்கு ஒரு பிடி. வென்டட் லூப்பின் உச்சி, படகு சாய்ந்து ஓடும்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதன் தலையில் இருக்கும் சின்ன வால்வை வருடம் இரண்டு முறை வெந்நீரில் கழுவுங்கள். உப்பேறி மூடியே நின்றால் சைஃபன் உடையாது, கடல் உள்ளே வரும்.

---

நங்கூரம் பதில்:

திரும்ப வராமல் இருக்கச் செய்ய வேண்டியது: எண்ணி அடியுங்கள். கோப்பை சுத்தமானதும் நிறுத்திவிடுகிறார்கள். கோப்பை சுத்தமானால் கழிவு ஹோஸின் முதல் மீட்டரில் நிற்கிறது என்றுதான் அர்த்தம், டேங்குக்குப் போய்ச் சேரவில்லை. இந்த வகைப் பம்புக்கு ஹோஸின் ஒரு மீட்டருக்கு 7 முழு அடி. ஒய் வால்வு வரை 3 மீட்டருக்கு 21, அங்கிருந்து டேங்க் வரை இருக்கும் நீளத்துக்கும் அதே கணக்கில் கூட்டுங்கள். வெறும் சிறுநீர் என்றாலும் அதே எண்ணிக்கை. சிறுநீருக்கு இரண்டு அடி போதும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு காரை. எண்ணைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், விருந்தாளிகளுக்கும் தெரிய வேண்டும்.

டேங்க் சீக்கிரம் நிரம்பும் என்பது நியாயமான கவலை. அதற்குப் பாதி எண்ணிக்கையை 'ட்ரை'யில் அடிக்கலாம், கழிவு நகரும், தண்ணீர் கூடாது. கடைசிச் சில அடி மட்டும் தண்ணீரோடு.

டிஷ்யூவைச் சோதிக்க ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி இரண்டு தாள் போட்டுப் பத்து முறை குலுக்குங்கள். கஞ்சி மாதிரி கரைந்தால் சரி, தாளாகவே மிதந்தால் அந்த ரகம் வேண்டாம். வெட் வைப்ஸ் எந்த விளம்பரம் சொன்னாலும் கூடாது.

வினிகரில் ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். வாரம் இரண்டு கப் ஊற்றி இரண்டு அடி அடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அந்த வினிகர் பம்பையும் எல்போவையும் தாண்டியிருக்காது. 3 மீட்டர் ஹோஸ் நிறைய மூன்றரை லிட்டர் வேண்டும், அவ்வளவு ஊற்ற வேண்டாம். லீவரை 'ட்ரை'யில் வைத்து, 1 லிட்டர் வினிகரைக் கோப்பையில் ஊற்றி, 7 அடி அடித்து அரை மணி நேரம் விடுங்கள். அது முதல் மீட்டரில் நிற்கும். இன்னொரு 7 அடி, அரை மணி நேரம். இப்படி ஒரு மீட்டர் ஒரு மீட்டராக நகர்த்திக்கொண்டு போனால் அதே 1 லிட்டர் முழு ஹோஸையும் தொடும். முடிந்ததும் தண்ணீர் விட்டு முழு எண்ணிக்கை அடித்துவிடுங்கள், வினிகரும் ரப்பரில் நாள்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. மாதம் இரண்டு முறை போதும்.

படகை விட்டு ஊருக்குப் போகும்போது இன்டேக் சீகாக்கை மூடி, 3 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி 'ட்ரை'யில் அடித்து ஹோஸைக் கடல் தண்ணீர் இல்லாமல் விட்டுவிட்டுப் போங்கள். பிறகு அவுட்லெட் சீகாக்கையும் மூடுங்கள். திரும்பி வந்து அடிக்கும் முன் ஒய் வால்வு கடல் பக்கம் திரும்பியிருந்தால் அந்த சீகாக்கைத் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். மூடியபடி அடித்தால் புது ஹோஸும் கிளிப்பை விட்டு வெளியே வரும்.